முப்பது வீடுகளும் ஒரு முகமும்

லண்டன் மாநகரின் பாடிங்டன் நிலையத்தை விட்டு மேற்குத் திசையில் புறப்படும் ரயில், பசும்புல் வெளிகளையும் ஆடுகள் மேயும் சரிவுகளையும் மரக்கூட்டத்தினிடையே தேவாலயக் கோபுரம் மட்டும் தலைகாட்டும் சிற்றூர்களையும் கடந்து ஒரு மணி நேரத்துக்குமேல் ஓடிய பிறகு, ஒரு குன்றின் வயிற்றுக்குள்ளே புகுந்து சிறிது நேரம் இருளில் செல்கிறது. பாக்ஸ் என்னும் கிராமத்தின் பெயரால் வழங்கும் அந்தச் சுரங்கவழி ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளமுள்ளது. இசம்பார்ட் கிங்டம் புரூனெல் என்னும் பொறியியல் மேதையின் திட்டப்படி வெட்டப்பட்டு 1841ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. முதல் முறை அதன் வழியே சென்றபோது அந்த இருளை நான் பொருட்படுத்தவில்லை. பாத் என்னும் நகரத்தை இரண்டு நாட்கள் நிதானமாகச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பும் ரயிலில் அதே இருளுக்குள் நுழைந்தபோதுதான், எந்தக் கல்லால் அந்த நகரத்தின் மாளிகைகளும் மதில்களும் பாலமும் படிக்கட்டுகளும் எழும்பி நிற்கின்றனவோ, அந்தக் கல்லை ஈன்ற குன்றுகளில் ஒன்றைத்தான் ஊடுருவிச் செல்கிறோம் என்ற உணர்வு எனக்கு உண்டாயிற்று.

சாமர்செட் பிரதேசத்தில், ஏவான் நதி வளைந்து ஓடும் பள்ளத்தாக்கில், குன்றுகள் சுற்றிலும் காவலிருக்க அமைந்திருக்கிறது பாத். நீராடும் இடம் என்பதே அந்த ஆங்கிலப் பெயருக்குப் பொருள். நான் நிலையத்தை விட்டு வெளியே வந்தபோது மெல்லிய மழை தூறிக்கொண்டிருந்தது. நனைந்த கல் சுவர்கள், காய்ச்சிய நெய்யின் நிறமோ கொம்புத்தேனின் நிறமோ என்று ஐயுறும்படியான ஒரு பொன்மையுடன் விளங்கின. வானத்தில் சூரியன் இல்லாத குறையை அந்தச் சுவர்களே ஈடுசெய்ய முன்வந்தன போலத் தோன்றிற்று. அந்தத் தூறலைக் கண்டு குடையைத் தேடிய நான், அந்த நகரத்துக்கு ஆதிகாரணமாக இருப்பதே அப்படிப்பட்ட மழைதான் என்பதைச் சிறிது நேரத்துக்குப் பிறகே அறிந்துகொண்டேன்.

மழை வெந்நீரான கதை

நகரத்துக்குத் தென்மேற்கே மெண்டிப் குன்றுகள் என்று ஒரு சுண்ணாம்புக்கல் மலைத்தொடர் இருக்கிறது. அங்கே பெய்த மழைநீர் பாறைகளின் இடுக்குகள் வழியே கீழே கீழே இறங்கி, ஏறத்தாழ 2,700 மீட்டர் முதல் 4,300 மீட்டர் வரை ஆழத்துக்குச் சென்று, பூமியின் உள்வெப்பத்தால் சூடேறி, பின்பு பாறைப் பிளவுகளின் வழியாக மேலே உந்தப்பட்டு, பாத் நகரின் நடுவில் வெந்நீர் ஊற்றாக வெளிப்படுகிறது. வெளியே வரும்போது அதன் வெப்பம் சுமார் 46 பாகை செல்சியஸ். தலைமையான ஊற்று ஒன்றிலிருந்து மட்டும் நாள்தோறும் ஏறத்தாழ 11,70,000 லிட்டர் நீர் சுரந்துகொண்டிருக்கிறது. இன்று நம் கண்முன் ஆவி பறக்கப் பொங்கும் நீர், ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னர் மழையாகப் பெய்தது என்கிறார்கள் விஞ்ஞானிகள். குளிர் மிகுந்த அந்தத் தேசத்தில், ஒருவரும் விறகு வைத்து மூட்டாமலே தரையிலிருந்து வெந்நீர் புறப்படுவதைக் கண்ட புராதன மக்கள், அதைத் தெய்வத்தின் பிரசாதமாகக் கொண்டாடியதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

அதைப் பற்றி ஓர் ஐதிகமும் உண்டு. பிளாடுட் என்னும் இளவரசன் குஷ்டரோகத்தால் பீடிக்கப்பட்டு அரண்மனையினின்றும் விலக்கப்பட்டு, பன்றி மேய்ப்பவனாக அலைந்தான். அவனுடைய பன்றிகளையும் அந்நோய் பற்றிற்று. அவை இந்தப் பள்ளத்தாக்கின் வெந்நீர்ச் சேற்றில் புரண்டு குணமடைந்ததைக் கண்டு அவனும் அதில் மூழ்கி நோய் நீங்கப்பெற்றான். பின்னர் அரசனாகி இந்நகரை ஸ்தாபித்தான் என்பது கதை. ஷேக்ஸ்பியரின் நாடகத்தால் உலகம் அறிந்த லியர் அரசனுக்குத் தந்தை இவனே என்றும் பழைய நூல்கள் கூறும். கதையாக இருந்தாலும், இந்தப் பன்றிகள் பதினெட்டாம் நூற்றாண்டுச் சிற்பத்தில் எவ்வாறு மறுபடியும் வந்து தலைகாட்டுகின்றன என்பதைப் பின்னால் பார்ப்போம்.

சரித்திரம் தெளிவாகப் பேசத் தொடங்குவது ரோமானியர் காலத்தில். கி.பி. 43ஆம் ஆண்டில் பிரிட்டன்மீது படையெடுத்து வந்த அவர்கள், உள்ளூர் மக்கள் சூலிஸ் என்னும் தேவதைக்கு உரியதாக இவ்வூற்றைப் போற்றி வந்ததைக் கண்டனர். அந்தத் தேவதையை அகற்றாமல், தங்கள் மினர்வா தேவியும் அவளும் ஒருவரே என்று இணைத்து, சூலிஸ் மினர்வா என்று பெயர் சூட்டி, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஓர் ஆலயமும் விஸ்தாரமான நீராட்டு மண்டபங்களும் எழுப்பினார்கள். ஊருக்கு அக்வே சூலிஸ், அதாவது சூலிஸ் தேவியின் தீர்த்தம் என்பது பெயராயிற்று. 1.6 மீட்டர் ஆழமுள்ள பெரிய நீராட்டுக் குளத்தின் அடியில் அன்று அவர்கள் பரப்பிய 45 ஈயத்தகடுகள் இன்றும் நீரைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. அக்காலத்தில் அதன்மீது வளைந்த மேற்கூரை இருந்தது. இன்று அது திறந்த வானத்தின்கீழ், சூரிய ஒளியால் வளர்ந்த பாசியினால் மரகதப் பச்சை நிறம் கொண்டு கிடக்கிறது.

அருங்காட்சியகத்தில் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தவை சிறிய ஈயத்தகடுகள். நீராடும்போது பொருளைப் பறிகொடுத்தவர்கள், திருடனைத் தண்டிக்கும்படி தேவியிடம் முறையிட்டு, அந்த முறையீட்டை ஈயத்தில் கீறி, சுருட்டி ஊற்றுக்குள் எறிந்திருக்கிறார்கள். இப்படி ஏறத்தாழ 130 தகடுகள் கிடைத்துள்ளன. டோசிமீடிஸ் என்ற ஒருவன் தன் கையுறை இரண்டையும் இழந்துவிட்டான். எடுத்தவன் அறிவையும் கண்களையும் இழக்கவேண்டும் என்று தேவியை வேண்டிக்கொள்கிறான். பேரரசர்களின் வெற்றிகளைச் சொல்லும் கல்வெட்டுகளைக் காட்டிலும், குளிருக்குக் கையுறையின்றித் தவித்த அந்தச் சாமானியனின் கோபம் நம் மனத்துக்கு எவ்வளவு நெருங்கி வந்துவிடுகிறது!

ரோமானியர் சென்றபின் மண்டபங்கள் இடிந்து மண்மூடிப் போயின. அவற்றின் அருகே கிறிஸ்தவ மடாலயம் ஒன்று எழுந்தது, கி.பி. 973இல் எட்கர் என்னும் அரசர் அங்கேதான் முடிசூடினார். இன்று நாம் காணும் தேவாலயத்தை 1499இல் தொடங்கியவர் ஆலிவர் கிங் என்னும் மேற்றிராணியார். ஏணிகளில் தேவதூதர்கள் ஏறுவதும் இறங்குவதுமாக அவர் கண்ட கனவு, மேற்கு முகப்பில் கற்சிற்பமாகவே அமைந்திருக்கிறது. உள்ளே நிமிர்ந்து பார்த்தால், விசிறிகளை விரித்து வரிசையாகப் பொருத்தியதைப் போன்ற கல் விதானம் தெரிகிறது. கிழக்குப் பகுதியின் விதானத்தை வெர்டியூ சகோதரர்கள் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்தார்கள். நடுமண்டபத்தின் கல் விதானமோ, ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டு கழித்து, கில்பர்ட் ஸ்காட் என்பவரால் அதே அமைப்பில் நிறைவேறியது. எங்கே பழையது முடிகிறது, எங்கே புதியது தொடங்குகிறது என்று பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியவில்லை. தமக்கு முன்னே வந்தவரின் கருத்துக்கு இணங்கி நடப்பதே பெருமை என்று எண்ணிய ஒரு கட்டடக் கலைஞரின் அடக்கம் அங்கே தெரிந்தது. இந்த நகரத்தின் ரகசியத்தை எனக்கு முதலில் உணர்த்தியது அந்த விதானம்தான்.

மூன்று மனிதர்கள்

ஆனி அரசியார் 1702ஆம் ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் நீராட வந்த பிறகு, பிரபுக்களும் வணிகர்களும் கூட்டம் கூட்டமாக இவ்வூரை நாடினர். நோய் தீர்க்க வந்தவரைவிடப் பொழுதுபோக்க வந்தவரே மிகுதியாயினர். ஆயினும் மதில்களுக்குள் அடங்கிய ஒரு சிற்றூராகவே பாத் இருந்தது. அதனைப் பதினெட்டாம் நூற்றாண்டுக்குள் ஐரோப்பாவின் அழகிய நகரங்களில் ஒன்றாக மாற்றியதில் மூன்று பேருக்குத் தலைமையான பங்கு உண்டு.

முதல்வர் ரிச்சர்ட் நாஷ். விழாக்களையும் நடனங்களையும் நடத்திவைக்கும் பொறுப்பேற்ற இவர், பட்டமோ பரம்பரையோ இல்லாமலே அரை நூற்றாண்டு காலம் நகரத்தின் முடிசூடா மன்னராக விளங்கினார். வாள் தரித்து நடமாடுவதைத் தடுத்தார். நடனம் இரவு 11 மணிக்கு முடியவேண்டுமென்றால், எவர் கெஞ்சினாலும் முடிந்தே தீரவேண்டும் என்று விதித்தார். பிரபுவும் வணிகரும் ஒரே மண்டபத்தில் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டு நிற்கும் பழக்கம் இவரால் உண்டாயிற்று. இரண்டாமவர் ரால்ஃப் ஆலன். அஞ்சல் நிலையத்தில் பணி தொடங்கி, குறுக்குவழி அஞ்சல் முறையைச் சீர்படுத்திச் செல்வம் சேர்த்து, அச்செல்வத்தைக் கொண்டு கூம் டவுன் குன்றிலுள்ள கல் சுரங்கங்களை வாங்கினார். மூன்றாமவர் ஜான் வுட் என்னும் கட்டடச் சிற்பி, 1704இல் பிறந்தவர். ஒருவர் மனிதர்களின் நடத்தைக்கு ஒழுங்கு வகுத்தார். ஒருவர் கல்லைக் கொடுத்தார். ஒருவர் அந்தக் கல்லுக்கு ஒழுங்கு வகுத்தார்.

மூவரும் சேர்ந்து செய்த ஒரு தர்ம காரியம் உண்டு. செல்வர்களுக்குப் பயன்பட்ட வெந்நீர், வெளியூர்களிலிருந்து வரும் ஏழை நோயாளிகளுக்கும் பயன்படவேண்டும் என்று ஒரு மருத்துவமனை 1742இல் திறக்கப்பட்டது. அதற்கு வுட் ஊதியமின்றி வரைபடம் தந்தார். ஆலன் கல்லை இலவசமாகக் கொடுத்தார். நாஷ் நிதி திரட்டினார்.

அந்தக் கல்லைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். ஏறத்தாழ 17 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தப் பகுதி வெதுவெதுப்பான ஆழமற்ற கடலாக இருந்தபோது, சுண்ணாம்புச் சத்து மணல் துகள்களின்மேல் படலம் படலமாகப் படிந்து, மீன்சினை போன்ற சிறு உருண்டைகளாகி, அவை இறுகிப் பாறையாயின. இந்தக் கல்லுக்கு விசேஷமான இரண்டு குணங்கள் உண்டு. எந்தத் திசையிலும் பிளவுபடாமல் வெட்டவும் செதுக்கவும் இடம் கொடுக்கும் என்பது ஒன்று. சுரங்கத்திலிருந்து எடுத்த புதிதில் ஈரமும் மென்மையுமாக உளிக்கு இணங்கி, காற்றில் உலர உலர உறுதிப்படும் என்பது மற்றொன்று. லண்டன் கட்டடக்காரர்கள் இதனை மட்டமான கல் என்று ஒதுக்கியபோது, வாதாடிப் பயனில்லை என்று கண்ட ஆலன், குன்றின் உச்சியில் பிரையர் பார்க் என்னும் அரண்மனையொத்த மாளிகையை இதே கல்லால் வுட்டைக் கொண்டு கட்டுவித்தார். வெட்டிய கற்கள், மரத்தண்டவாளங்களின்மீது வண்டிகளில் சரிந்து இறங்கி ஏவான் நதிக்கரையை அடைந்தன.

சதுரம், வட்டம், பிறை

ஜான் வுட் நகரத்துக்கு வெளியே நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, 1728இல் குவீன் ஸ்குவேர் என்னும் சதுக்கத்தைத் தொடங்கினார். அவர் கையாண்ட முறைதான் இக்கட்டுரையின் உயிர். தாமே எல்லா வீடுகளையும் கட்ட அவரிடம் பணம் இல்லை. ஆகவே மனைகளைப் பிரித்து வேறு கட்டடக்காரர்களுக்கு உள்குத்தகைக்கு விட்டார். உள்ளே அறைகளை எப்படி வேண்டுமானாலும் வகுத்துக்கொள்ளலாம், ஆனால் தெருவை நோக்கிய முகப்பு மட்டும் தாம் வரைந்து கொடுத்தபடி அணுவளவும் மாறாமல் இருக்கவேண்டும் என்று நிபந்தனை விதித்தார். அதன் பயனாக, சதுக்கத்தின் வடபுறத்திலுள்ள தனித்தனி வீடுகள் எல்லாம் சேர்ந்து, நடுவில் முக்கோண முகடும் பக்கங்களில் தூண்களும் கொண்ட ஒரே அரண்மனையாகக் காட்சியளிக்கின்றன. தனியாக ஓர் அரண்மனை கட்ட வசதியில்லாதவன், அண்டை வீட்டாரோடு ஒத்துப்போவதனால் அரண்மனைவாசியாகிவிடுகிறான்!

அங்கிருந்து கே தெருவின் மேட்டில் ஏறினால் வருவது சர்க்கஸ். வட்டம் என்று பொருள்படும் லத்தீன் சொல் அது. மூன்று தெருக்கள் வந்து சேரும் ஒரு வட்டத்தைச் சுற்றி, முப்பதுக்கும் மேற்பட்ட வீடுகள் மூன்று வளைவுகளாக நிற்கின்றன. எந்தத் தெருவின் வழியாக வந்தாலும் எதிரே ஒரு முழு வளைவு நம்மை வரவேற்கும்படி அமைத்திருக்கும் சாதுரியத்தை என்னென்பது! மூன்று தளங்களிலும் இரட்டை இரட்டையாகத் தூண்கள்: கீழே உறுதியான டோரிக், நடுவே சுருள் தலையுடைய அயோனிக், மேலே இலைவேலைப்பாடு கொண்ட கொரிந்தியன். கீழ்த்தளத்துக்கு மேலே ஓடும் பட்டியில், பாம்புகளும் கப்பல் சின்னங்களும் இசைக் கருவிகளும் சாஸ்திரக் கருவிகளுமாக 500க்கும் மேற்பட்ட சிறு சிற்பங்கள். கைப்பிடிச்சுவரின் உச்சியில் பெரிய பெரிய ஓக் மரத்துக் கொட்டைகள் கல்லில் செதுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. பிளாடுட் இளவரசனின் பன்றிகள் மேய்ந்த அதே கொட்டைகள். பழைய ஐதிகத்தில் வுட்டுக்கு ஆழ்ந்த நம்பிக்கை இருந்தது. ஸ்டோன்ஹெஞ்ச் என்னும் புராதனக் கல்வட்டத்தை அவரே அளந்து பார்த்து, அந்த அளவை மனத்தில் கொண்டே இவ்வட்டத்தை வகுத்தார். 1754இல் அஸ்திவாரக் கல் நாட்டிய சில மாதங்களிலேயே அவர் காலமானார். தந்தை வரைந்ததை மகன் கட்டி முடித்தார்; மகன் பெயரும் ஜான் வுட்தான்.

சிறிது தூரம் நடந்தால், இளைய வுட் தாமே சிருஷ்டித்த ராயல் கிரெசென்ட். சர்க்கஸில் வட்டத்துக்குள்ளே அடைபட்டிருந்த பார்வை, இங்கே சட்டென்று விடுதலை பெறுகிறது. வளர்பிறைபோல் வளைந்த ஒரே கட்டடம், ஏறத்தாழ 150 மீட்டர் நீளத்துக்கு இரு கைகளையும் விரித்து நிற்க, அதன் முன்னே பசும்புல்வெளி சரிந்து இறங்குகிறது. 1767இல் தொடங்கி எட்டு ஆண்டுகளுக்குள் முடிந்த இப்பிறையில் 30 வீடுகள். 114 அயோனிக் தூண்கள். கீழ்த்தளத்தில் அலங்காரம் ஒன்றுமில்லை. அந்த வெறுமையின்மீது இரண்டு தள உயரத்துக்குத் தூண்கள் எழும்பி நிற்கும்போது, நெடிய ஆலாபனைக்குப் பின் பல்லவி தொடங்கினாற்போல ஒரு நிறைவு உண்டாகிறது. புல்வெளியில் மேயும் கால்நடை வீட்டருகே வராதபடி தடுக்க ஒரு சுவர் உண்டு. ஆனால் அது பள்ளத்துக்குள் மறைந்திருப்பதால், வீட்டிலிருந்து பார்ப்பவர்க்குப் புல்லும் தூரத்துக் குன்றும் இடையறாமல் ஒன்றாகவே தெரியும்.

பின்புறத்தின் பாடம்

அந்த அழகில் மயங்கி நின்ற நான், ஏதோ ஓர் ஆவலால் பிறையைச் சுற்றிப் பின்புறம் சென்று பார்த்தேன். முன்புறம் ஒரே முகமாக நின்ற அந்த 30 வீடுகளும் பின்புறத்தில் 30 விதமாக இருந்தன! ஒன்று முன்னே துருத்திக்கொண்டிருக்கிறது. ஒன்று உள்ளே ஒதுங்கியிருக்கிறது. கூரை ஒன்றுக்கு உயர்ந்தும் ஒன்றுக்குத் தாழ்ந்தும் இருக்கிறது. ஜன்னல்கள் மனம்போனபடி திறந்திருக்கின்றன. காரணம் எளியது. மனை வாங்கியவர் முகப்பில் தம் பங்குக்குரிய அளவை வாங்கிக்கொண்டு, அதற்குப் பின்னால் தமக்கு வேண்டிய வீட்டைத் தம் கட்டடக்காரரைக் கொண்டு கட்டிக்கொண்டார்.

இதைச் சிலர் வெளிவேஷம் என்று சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெரு என்பது வழியே போகிறவர் எல்லாருக்கும் சொந்தம். என் வீட்டின் முகம் என்னைவிட எதிரே நடப்பவன் கண்ணிலேயே அதிகமாகப் படுகிறது. ஆகையால் அந்த முகத்தை அமைப்பதில் ஊராரின் கருத்துக்கு இணங்குவேன். உள்ளே என் வாழ்க்கையை என் விருப்பப்படி நடத்துவேன் என்ற உடன்படிக்கை அங்கே கல்லாகி நிற்பதாகவே எண்ணுகிறேன். அழகிய மாளிகை ஒன்றைக் கட்ட ஒரு செல்வன் போதும். அழகிய தெரு ஒன்றை உண்டாக்கவோ, தன் பெருமையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கச் சம்மதிக்கும் பலர் வேண்டும்.

விட்டுக்கொடுத்ததனால் உள்ளே இருப்பவன் சிறுத்துப் போய்விடவில்லை என்பதற்கு நியூ கிங் தெருவிலுள்ள 19ஆம் எண் வீடு சாட்சி. இரு புறத்து வீடுகளோடும் ஒட்டி, வேறுபாடின்றி வரிசையில் நிற்கும் சிறிய வீடு அது. ஒரு சிற்றாலயத்தில் ஆர்கன் வாசித்தும் இசை கற்பித்தும் வாழ்ந்த வில்லியம் ஹெர்ஷல், தம் தங்கை கரோலைனின் துணையோடு, இரவெல்லாம் தாமே செய்த தொலைநோக்கியால் வானத்தை ஆராய்ந்துவந்தார். 1781ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள் இரவு அவ்வீட்டுத் தோட்டத்தில்தான் அவர் யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்தார். தொலைநோக்கிக்கு ஆடி வார்க்கும்போது சிதறிய உருகிய உலோகத்தால் வெடித்த தரைக்கற்களை, இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் அவ்வீட்டின் கீழ்த்தளத்தில் நாம் காணலாம். சூரியக் குடும்பத்தின் எல்லையையே விரித்த மனிதரின் வீட்டுக்கு, அண்டை வீட்டைவிடப் பெரிய வாசல் தேவைப்படவில்லை. 1801 முதல் 1806 வரை இந்நகரில் வாழ்ந்த ஜேன் ஆஸ்டின் என்னும் நாவலாசிரியையும், ஒரே மாதிரியான இந்த முகப்புகளுக்குப் பின்னே மனித உள்ளங்கள் எத்தனை விதம் என்பதைத் தம் இரண்டு நாவல்களில் இந்நகரையே களமாக்கிக் காட்டினார்.

இந்த ஒழுங்கு எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதில் விவாதமும் நடந்திருக்கிறது. 1970களில் பிறையின் ஒரு வீட்டுக்காரர் தம் கதவுக்கு மஞ்சள் வர்ணம் பூசினார். மற்றக் கதவுகளைப் போல் வெள்ளையாக்கும்படி நகராட்சி ஆணையிட்டது. விசாரணை நடந்து, மஞ்சள் நிறம் இருக்கலாம் என்று முடிவாயிற்று. 114 தூண்களின் பேரொழுங்கு, ஒரு மஞ்சள் கதவினால் குலைந்துபோகவில்லை.

அழகின் விலை

இவ்வளவு கல்லையும் இவ்வளவு தூண்களையும் எழுப்பிய பணம் எங்கிருந்து வந்தது என்று கேளாமல் திரும்புவது நேர்மையாகாது. சர்க்கஸின் 14ஆம் எண் வீட்டின் சுவரில் ஒரு பலகையைப் படித்தபோது, தமிழ்நாட்டிலிருந்து சென்ற எனக்குச் சற்று நேரம் கால் நகரவில்லை. அதில் இருந்த பெயர் ராபர்ட் கிளைவ். சென்னையில் கிழக்கிந்தியக் கும்பினியின் எழுத்தராக வந்து இறங்கி, 1751இல் ஆர்க்காட்டுக் கோட்டையைப் பிடித்து முற்றுகையைத் தாங்கிநின்று, பின்னர் வங்காளத்தின் பொக்கிஷத்தால் பெருஞ்செல்வரான அதே கிளைவ். இந்தியாவில் பொருள் திரட்டித் திரும்பியவர்களுக்கும், மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகளின் உழைப்பால் விளைந்த கரும்புத் தோட்டங்களின் உடைமையாளர்களுக்கும் பாத் விருப்பமான வாசஸ்தலமாக இருந்தது. அடிமை வாணிகத்தில் பெயர்பெற்ற பிரிஸ்டல் துறைமுகமும் அருகிலேயே இருக்கிறது. தேவாலயத்தின் சுவர்களில் பதித்துள்ள 600க்கும் மேற்பட்ட நினைவுக் கற்களைப் படித்துக்கொண்டு போனால் அந்தத் தூரதேசங்களின் பெயர்கள் மீண்டும் மீண்டும் எதிர்ப்படும். ஒவ்வொரு வீட்டின் முன்னும் தெருவுக்குக் கீழே ஒரு பள்ளமும், அதில் சமையலறையும் கரி அறையும் உண்டு. அங்கே விடியுமுன் எழுந்து உழைத்த பணிப்பெண்களுக்கு 114 தூண்களில் ஒன்றும் தென்பட்டிராது. இவற்றை அறிந்தபின் அந்த அழகு எனக்குக் குறைந்துவிட்டது என்று சொன்னால் உண்மையாகாது. ஆனால் அதைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது என்பதையும் மறைக்க முடியாது. ஒழுங்கைக் கற்றுக்கொள்ளலாம், அதற்காகக் கொடுக்கப்பட்ட விலையை மறந்துவிடக் கூடாது.

அழிவும் மீட்பும்

1942ஆம் ஆண்டு ஏப்ரல் மாதக் கடைசியில், இரண்டு இரவுகளில் ஜெர்மானிய விமானங்கள் பாத் நகர்மீது குண்டுகளைப் பொழிந்தன. ஜெர்மனியின் லூபெக் என்னும் பழைய நகரம் பிரிட்டிஷ் குண்டுகளால் எரிந்ததற்குப் பழிவாங்கும் முறையில், பிரயாண வழிகாட்டி நூல்களில் புகழப்பட்ட ஊர்களைக் குறிவைத்து நடந்த தாக்குதல் அது. அழகே குற்றமாகிவிட்ட காலம். 400க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இளைய வுட் 1771இல் கட்டி முடித்த அசெம்பிளி ரூம்ஸ் என்னும் கூடல் மண்டபம், அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் புதுப்பிக்கப்பட்டிருந்தது. அது சுவர்கள் மட்டும் மிஞ்ச எரிந்துபோயிற்று. மீண்டும் கட்டி 1963இல் திறந்தார்கள்.

யுத்தம் தப்பவிட்டதை அமைதிக் காலம் அழித்தது என்பதுதான் விந்தையான துயரம். 1960களிலும் அதையடுத்த சில ஆண்டுகளிலும், பிறையையும் வட்டத்தையும் பாதுகாத்தால் போதும் என்று எண்ணிய அதிகாரிகள், கல்தச்சர்களும் கைவினைஞர்களும் வாழ்ந்த எளிய பழந்தெருக்களை இடித்து, அவ்விடங்களில் அந்நகரோடு சேராத கட்டடங்களை எழுப்பலானார்கள். பதக்கத்தை வைத்துக்கொண்டு சங்கிலியை உருக்கிவிடுவது போன்ற அச்செயலைக் கண்டு மக்கள் கொதித்தெழுந்தார்கள். ஆடம் ஃபெர்குசன் என்பவர் 1973இல் வெளியிட்ட நூல் ஒன்று நாட்டின் மனச்சாட்சியைத் தட்டி எழுப்பியது, இடிப்பு நின்றது. நூற்றாண்டுகளின் கரிப்புகையால் கறுத்திருந்த சுவர்கள் கழுவப்பட்டு மீண்டும் பொன்னிறம் பெற்றன. 1987இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. 2021இல் ஐரோப்பாவின் பெரிய மருத்துவ நீரூற்று நகரங்களில் ஒன்றாகவும் சேர்த்து இரண்டாம் முறை கௌரவித்தது.

கடைசி நாள் மாலை, ராபர்ட் ஆடம் வரைந்து 1774இல் கட்டி முடிந்த புல்ட்னி பாலத்தின் அருகே நின்றேன். இரு புறமும் கடைகள் நிறைந்த அப்பாலத்தின்மேல் நடப்பவர்க்குத் தாம் நதியைக் கடக்கிறோம் என்பதே தெரியாது. கீழே கரையில் நிற்பவர்க்குத்தான் மூன்று வளைவுகளும் நீரில் விழும் அவற்றின் நிழலும் தெரியும். ரோமானியர் கட்டிய கல் வாய்க்கால், ஊற்றின் மிகுந்த நீரை இன்றும் அந்த ஏவான் நதிக்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பது நினைவுக்கு வந்தது. தூறல் மறுபடியும் தொடங்கிற்று. அன்று மெண்டிப் குன்றுகளில் பெய்த மழை மண்ணுக்குள் இறங்கத் தொடங்கியிருக்கும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்குப் பின் அது சூடாக மேலே வரும்போது, அதன் கரையில் நிற்கப்போகிறவர்கள் யாரோ, அவர்கள் பேசும் மொழி எதுவோ. கல் வெட்டியவனும் கையுறையைத் தொலைத்தவனும் கிரகத்தைக் கண்டவரும் தத்தம் பங்கை வைத்துவிட்டுப் போன அந்த ஊரில், இன்று இருப்பவர்கள் தம் வீட்டு முகப்பை வரிசை பிசகாமல் காத்துவருவது, அந்த முகம் தெரியாத மனிதர்களுக்காகவும்தான் என்று எண்ணிக்கொண்டு, நனைந்தபடியே நிலையத்தை நோக்கி நடந்தேன்.